பைக்கில் ஜிபிஎஸ்: பெங்களூருக்குப் புதிதாக வந்தவர்கள் குறைந்த செலவில் அமைத்துக்கொள்வது எப்படி?

ஊரிலிருந்து வண்டியைக் கொண்டுவந்து, எலெக்ட்ரானிக் சிட்டியிலோ மாரத்தஹள்ளியிலோ ரூம் எடுத்துத் தங்கும் நம் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே கேட்பது, "பைக்குக்கு எந்த ஜிபிஎஸ் வாங்கலாம்ணே?" என்றுதான். தனிக் கருவி எதுவும் வாங்காதீர்கள் என்பதே என் பதில். கார்மின் ஜூமோ மாதிரி பைக்குக்கென்றே வரும் கருவிகள் நல்லவைதான், ஆனால் விலை சுமார் 40,000 ரூபாயில்தான் தொடங்கும். அந்தக் காசுக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய ஸ்ப்ளெண்டரே கிடைக்கும். அந்தக் கருவி எந்தச் செயற்கைக்கோள்களைக் கேட்கிறதோ, அதே செயற்கைக்கோள்களைத்தான் உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போனும் கேட்கிறது.

காசு போக வேண்டிய இடம் மூன்று: போனை ஆடாமல் பிடிக்கும் ஹோல்டர், வண்டியிலிருந்தே சார்ஜ் ஏற்றும் வசதி, குரல் காதில் விழ ஒரு வழி. முதல் இரண்டும் ஃபிட்டிங் கூலியோடு சேர்த்து 1,600 முதல் 2,600 ரூபாய்க்குள் அடங்கிவிடும். மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் பெங்களூர் ட்ராஃபிக்கில் உயிரைக் காப்பது அதுதான்.

1. கையில் இருப்பதை முதலில் பாருங்கள்

கடைக்குக் கிளம்பும் முன் வண்டியின் மேனுவலைப் புரட்டுங்கள். சமீப ஆண்டுகளில் வந்த வண்டிகள் பலவற்றில் மீட்டரே ப்ளூடூத் வழியாகப் போனோடு பேசும். டிவிஎஸ் என்டார்க் 2018இலேயே இந்த வசதியோடு வந்தது. ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350, 2020இல் ட்ரிப்பர் என்ற சின்ன வட்டத் திரையோடு வந்தது. ஏத்தர் 450எக்ஸ் ஸ்கூட்டரில் கூகுள் மேப் திரையிலேயே ஓடும். உங்கள் வண்டியில் அப்படி ஏதாவது இருந்தால் ஒரு வாரம் அதிலேயே ஓட்டிப் பாருங்கள். அடுத்த திருப்பம் இடமா வலமா, எத்தனை மீட்டர் என்று அம்புக்குறி காட்டினாலே பலருக்குப் போதும். போன் பாக்கெட்டிலேயே கிடக்கட்டும், ஹோல்டர் செலவு மிச்சம். ஒன்று மட்டும்: ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரியைச் சேமிக்கிறேன் பேர்வழி என்று வண்டி கம்பெனியின் ஆப்பைப் பாதி வழியில் தூங்க வைத்துவிடும். செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள்.

இந்த வசதி இல்லாதவர்கள் அடுத்துப் போனைச் சோதிக்க வேண்டும். 'ஜிபிஎஸ் டெஸ்ட்' என்று தேடினால் இலவச ஆப்கள் கிடைக்கும். ஒன்றைப் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குப் போங்கள். அமெரிக்காவின் ஜிபிஎஸ், ரஷ்யாவின் க்ளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ என்று எந்தெந்தச் செயற்கைக்கோள் தெரிகிறது என்று பட்டியல் வரும். இருக்கும் இடத்தையும் உயரத்தையும் கணக்கிடக் குறைந்தது நான்கு தேவை. திறந்த வானத்தின் கீழ் அதைவிட நிறையவே தெரிய வேண்டும், துல்லியம் 3 முதல் 5 மீட்டருக்குள் வர வேண்டும். பட்டியலில் 'எல்5' என்ற அலைவரிசையும் தெரிந்தால் நல்ல போன். உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வந்து குழப்புவதை அது ஓரளவு சமாளிக்கும். நம் இஸ்ரோவின் நாவிக்கும் சில போன்களில் தெரியும். அதன் மையம் மைசூர் ரோட்டுப் பக்கம் ப்யாலாலுவில்தான் இருக்கிறது. பெருமைதான், ஆனால் நாவிக் இருக்கிறது என்பதற்காகவே புதுப் போன் வாங்கத் தேவையில்லை.

வீட்டில் பழைய ஆண்ட்ராய்டு போன் சும்மா கிடந்தால் அதையே வண்டிக்கு ஒதுக்கிவிடுவது என் பரிந்துரை. கீழே விழுந்தாலும் வயிறு எரியாது. சிம் கார்டுகூட வேண்டாம். ஜிபிஎஸ் ரிசீவர் வேலை செய்ய இன்டர்நெட் தேவையில்லை, மேப்பை முன்பே இறக்கி வைத்தால் போதும். நெட் இல்லாத போன் முதல் முறை இடத்தைப் பிடிக்க மட்டும் கொஞ்சம் நேரமாகும். ஒவ்வொரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளும் தன் இருப்பிடக் கணக்கை வினாடிக்கு 50 பிட் வேகத்தில்தான் அனுப்புகிறது. அது முழுதாக வந்து சேரவே அரை நிமிடம் ஆகிவிடும். நெட் உள்ள போன் அதே கணக்கை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்வதால்தான் சட்டென்று பிடிக்கிறது. அதனால் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் ரூட் போட்டுக்கொண்டு அப்படியே சீறிக் கிளம்பாதீர்கள். கேட்டுக்கு வெளியே வந்து நீலப் புள்ளி நிலைக்கும்வரை நில்லுங்கள்.

2. ஹோல்டர்

300 ரூபாய் ப்ளாஸ்டிக் ஹோல்டரும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். சர்ஜாபூர் ரோட்டு ஸ்பீட் பிரேக்கர் இரண்டைத் தாண்டினால் அதன் ஸ்ப்ரிங் குணம் தெரிந்துவிடும். நான்கு மூலையையும் நகம் போல் கவ்வி, திருகு வைத்து இறுக்கும் உலோக ஹோல்டர் 900 முதல் 1,500 ரூபாய்க்குள் கிடைக்கும். போபோ போன்ற பிராண்டுகள் ஆன்லைனில் எங்கும் உண்டு. நேரில் பார்த்து வாங்க விரும்பினால் ஜே.சி. ரோடு போங்கள். வண்டி உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கும், தமிழிலேயே பேரம் பேசலாம்.

வாங்கும் முன் ஹேண்டில்பாரின் கனத்தை அளந்துகொள்ளுங்கள். தினசரி ஓட்டும் கம்யூட்டர் வண்டிகள் பெரும்பாலானவற்றில் 22 மில்லிமீட்டர். சில பெரிய வண்டிகளில் நடுப்பகுதி 28 மில்லிமீட்டர் வரை தடித்திருக்கும். ஸ்கூட்டரில் ஹேண்டில் முழுக்க ப்ளாஸ்டிக்கால் மூடியிருப்பதால் கண்ணாடித் தண்டில் மாட்டும் வகைதான் சரிப்படும். அதை மாட்டும்போது கண்ணாடியின் நட்டைச் சேர்த்து இறுக்காவிட்டால் கண்ணாடி தளர்ந்து சுழல ஆரம்பிக்கும். யமஹா ஆர்15 மாதிரி, ஃபோர்க்கிலேயே இரண்டு துண்டாகப் பொருத்திய க்ளிப்-ஆன் ஹேண்டில் உள்ள வண்டிக்கு ஃபோர்க்கின் நடுத் துளையில் செருகும் வகை தனியாக உண்டு.

மாட்டுவதற்கு இடது பக்கம் நல்லது. வலது கை ஆக்ஸிலேட்டரில் இருக்கும், திரையைத் தொட வேண்டி வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு இடது கையால் தொடலாம். ஸ்பீடோமீட்டரை மறைக்காமல், அதற்குப் பக்கத்திலேயே, கண் லேசாகத் தாழ்ந்தால் தெரிகிற உயரத்தில் இருக்கட்டும். கவ்வும் இடத்தில் ரப்பர் பட்டையைச் சுற்றிவிட்டு ஆலன் கீயால் (அறுகோணத் திருகுச் சாவி) இறுக்குங்கள். பிறகு ஹேண்டிலை இடக்கோடி வரை திருப்புங்கள், வலக்கோடி வரை திருப்புங்கள். போன் டேங்கிலோ வைசரிலோ இடிக்கக் கூடாது, க்ளட்ச் கேபிளையும் தள்ளக் கூடாது. கடைசியாகப் போனைப் பிடித்து உலுக்குங்கள். போனோடு சேர்ந்து ஹேண்டிலே அசைந்தால் மவுண்ட் சரி. போன் மட்டும் அசைந்தால் இன்னொரு சுற்று இறுக்க வேண்டும். 100 கிலோமீட்டர் ஓடியதும் அதே ஆலன் கீயால் மறுபடி ஒரு முறை இறுக்கிவிடுங்கள். புது மவுண்ட் எதுவும் முதல் சில நாளில் கொஞ்சம் தளரும்.

விலை உயர்ந்த போன் வைத்திருப்பவர்கள் கேமராவை நினைத்துப் பார்க்க வேண்டும். கை நடுக்கத்தைச் சரிசெய்ய லென்ஸே நகரும் அமைப்பு உள்ள போன்களை பைக்கின் அதிர்வு கெடுத்துவிடலாம். ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில், மோட்டார் சைக்கிள் எஞ்சினின் பலத்த அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம் என்று எச்சரித்தது. ஒற்றை சிலிண்டர் 350 சிசி வண்டியின் ஹேண்டிலில் ஐந்து நிமிடம் கை வைத்தாலே காரணம் புரியும். ரப்பர் வைத்த அதிர்வுத் தடுப்பான் தனியாக வாங்கி ஹோல்டருக்கு அடியில் பொருத்தலாம். நான் சொல்வது அதைவிட எளிது: பழைய போனை மாட்டுங்கள், புதுப் போன் பாக்கெட்டில் இருக்கட்டும்.

3. சார்ஜ்

மேப்பும் திரையும் ஓடிக்கொண்டே இருந்தால் போன் மளமளவென்று இறங்கும். சில்க் போர்டில் இருந்து ஹெப்பால் போய்ச் சேர்வதற்குள் பாதி பேட்டரி காலியாவது சாதாரணம். தினமும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் என்றால் பவர் பேங்க்கே போதும், ஒயரில் கையே வைக்காதீர்கள். அதற்கு மேல் ஓட்டுபவர்கள் வண்டியில் யூஎஸ்பி சார்ஜர் போட்டுக்கொள்ளலாம். மூடி உள்ள, தண்ணீர் புகாத சார்ஜர் 500 முதல் 800 ரூபாய், மெக்கானிக் கூலி 200 முதல் 300.

5 வோல்ட், 2 ஆம்பியர் தரும் சார்ஜர் என்றால் 10 வாட். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அது சுமார் 1 ஆம்பியர் இழுக்கும். 35 வாட் ஹெட்லைட்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. வண்டி ஓடும்போது பேட்டரி தாங்குமா என்று பயப்பட வேண்டியதில்லை. நிற்கும்போதுதான் கவனம் வேண்டும்.

சாவியை அணைத்த பிறகும் சார்ஜருக்குக் கரண்ட் போகும்படி சில மெக்கானிக்குகள் நேராகப் பேட்டரியில் கொடுத்துவிடுவார்கள். அவர்களுக்கு ஐந்து நிமிட வேலை மிச்சம். சார்ஜரில் எரியும் குட்டி நீல விளக்கும் உள்ளே இருக்கும் சர்க்யூட்டும் சேர்ந்து 10 மில்லி ஆம்பியர் எடுத்தால்கூட ஒரு நாளைக்கு கால் ஆம்பியர்-மணி போய்விடும். 3 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ள கம்யூட்டர் வண்டி பொங்கலுக்கு இரண்டு வாரம் பூட்டிக் கிடந்தால் கதை முடிந்தது. இப்போது வரும் வண்டிகள் பலவற்றில் கிக்கரும் கிடையாது.

எனவே மெக்கானிக்கிடம் இரண்டே கண்டிஷன் சொல்லுங்கள். ஒன்று, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் லைனில் எடுக்க வேண்டும். ஹாரனுக்குப் போகும் ஒயரில் எடுப்பது வழக்கம். எந்த ஒயர் என்பதை நிறத்தை வைத்து ஊகிக்காமல் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: சாவி போட்டால் எரிய வேண்டும், எடுத்தால் அணைய வேண்டும். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இரண்டு, நடுவில் 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ். "அதெல்லாம் வேணாம் தம்பி, ஒண்ணும் ஆகாது" என்பார். பத்து ரூபாய் ஃபியூஸ், போடச் சொல்லுங்கள். வாரன்டி முடியாத வண்டி என்றால் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஒயரைத் தொடுங்கள். ஒயரை வெட்டினால் எலெக்ட்ரிக்கல் வாரன்டி இல்லை என்று சொல்லும் இடங்கள் உண்டு.

ஒயரை ஹேண்டில் வரை கொண்டுவரும்போது கழுத்துப் பகுதியில் கொஞ்சம் தொய்வு விட வேண்டும். இங்கேயும் அதே சோதனைதான்: இரண்டு கோடிக்கும் திருப்பிப் பார்த்து, எங்கும் இழுபடவில்லை என்று உறுதி செய்த பிறகே ப்ளாஸ்டிக் டேக் போட்டு ஒயரைக் கட்ட வேண்டும்.

4. காது

போன் திரையை ஒரு வினாடி பார்த்தால், 40 கிலோமீட்டர் வேகத்தில் 11 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதாக அர்த்தம். அவுட்டர் ரிங் ரோட்டில் 11 மீட்டருக்குள் ஒரு பிஎம்டிசி பஸ், ஒரு தண்ணீர் லாரி, எதிர்த்திசையில் வரும் ஒரு டெலிவரி வண்டி எல்லாமே இருக்கும். திரை சிக்னலில் நிற்கும்போது சரிபார்க்க மட்டும். ஓடும்போது வழி சொல்ல வேண்டியது குரல்.

காதை அடைக்கும் இயர்பட் வேண்டாம். ஹாரன் கேட்காது, ட்ராஃபிக் போலீஸும் நிறுத்துவார். ஹெல்மெட்டின் உள் துணிக்கும் தெர்மோகோலுக்கும் இடையே ஒட்டும் மெல்லிய ப்ளூடூத் ஸ்பீக்கர்கள் 1,000 முதல் 1,500 ரூபாய்க்குக் கிடைக்கின்றன. இடம் போதவில்லை என்று தெர்மோகோலைச் சுரண்டாதீர்கள், அடி தாங்குவது அதுதான். சத்தத்தைக் குறைவாக வைத்தால் வழியும் கேட்கும், ஹாரனும் கேட்கும். பாட்டு வேண்டாம், போன் காலும் வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2020 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தம், ஓட்டும்போது கைபேசியை வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம் என்கிறது. அதை மீறினால் ஆபத்தாக ஓட்டியதாக மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு பாயும். முதல் முறைக்கே அபராதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை, சிறைக்கும் இடமுண்டு.

கூகுள் மேப்பில் தமிழ்க் குரல் இருக்கிறது. ரோட்டின் பெயர்களை அது உச்சரிக்கும் விதம் சிரிப்பை வரவழைத்தாலும் "இடதுபுறம் திரும்பவும்" சட்டென்று மண்டையில் ஏறும்.

5. மேப்பும் இந்த ஊரும்

கூகுள் மேப்பில் இருசக்கர வாகனத்துக்கான தனி வசதி 2017 டிசம்பரில் இந்தியாவில் வந்தது. பைக் படத்தைத் தொட்டு அதையே எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள். கார் நுழையாத குறுக்குத் தெருக்களையும் காட்டும், போய்ச்சேரும் நேரமும் ஓரளவு சரியாக வரும். கூடவே மேப்மைஇந்தியா கம்பெனியின் மேப்பிள்ஸ் (Mappls) ஆப்பையும் வைத்திருப்பது நல்லது. ஃப்ளைஓவர் பிரியும் இடங்களைப் படமாகவே காட்டும்.

ஆனால் எந்த ஆப்பாக இருந்தாலும் பெங்களூர் முகவரியில் தடுமாறும். இங்கே ஒவ்வொரு லேஅவுட்டிலும் 5வது க்ராஸும் 3வது மெயினும் இருக்கிறது. 80 அடி ரோடு கோரமங்கலாவிலும் உண்டு, இந்திரா நகரிலும் உண்டு. வெறும் '80 அடி ரோடு' என்று போட்டால் உங்களுக்கு வேண்டியது வரும் என்று சொல்ல முடியாது. ஏரியா, ஸ்டேஜ் அல்லது பிளாக், பக்கத்தில் ஒரு கோயிலோ பேக்கரியோ சேர்த்துத் தேடுங்கள். இன்னும் நல்லது, போகிற வீட்டுக்காரரிடமே வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பச் சொல்வது.

அடுத்த தலைவலி, மேலே ஒரு ரோடு, கீழே ஒரு ரோடு. பொம்மனஹள்ளியில் இருந்து எலெக்ட்ரானிக் சிட்டி போகும் மேம்பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே டோல் ரோடு, அதே கோட்டில் கீழே பழைய ஓசூர் ரோடு. செயற்கைக்கோள்கள் எல்லாம் நம் தலைக்கு மேலேதான் இருக்கின்றன, காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அதனால் ஜிபிஎஸ்ஸில் உயரக் கணக்கு எப்போதுமே கொஞ்சம் சொதப்பும். போதாக்குறைக்குப் பாலமே வானத்தை மறைக்கிறது. நீங்கள் கீழே போய்க்கொண்டிருக்க, போன் உங்களைப் பாலத்தின் மேல் ஏற்றிவிட்டு "நேராகச் செல்லவும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும், நீங்கள் திரும்ப வேண்டிய கட் பின்னால் போயிருக்கும். இதற்கு எந்த விலைக் கருவியிலும் முழு மருந்து இல்லை. பாலத்துக்கு முந்திய சிக்னலிலேயே ரூட்டைத் தள்ளிப் பார்த்து, மேலேயா கீழேயா என்று மனதில் முடிவு செய்துவிட வேண்டும். கீழே போகிறீர்கள் என்றால் டோலைத் தவிர்க்கும் செட்டிங்கைப் போட்டுவிடுங்கள், பாதிக் குழப்பம் தீரும்.

இருசக்கர வண்டிக்குத் தடை உள்ள இடங்களை மேப் எப்போதும் சொல்லும் என்று நம்பாதீர்கள். பெங்களூர்–மைசூர் எக்ஸ்பிரஸ்வேயின் முக்கியச் சாலையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக்குக்கு அனுமதி இல்லை, சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். நைஸ் ரோட்டில் இரவு 10 முதல் காலை 5 வரை இருசக்கர வண்டிக்குத் தடை, 2022 ஜனவரியில் வந்தது. மைசூர் வழியாக ஊட்டி போகிறவர்களுக்கு பந்திப்பூர் கேட் இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். கொள்ளேகால் பக்கமாகத் திம்பம் இறங்கி சத்தியமங்கலம் போவோருக்கும் இரவுக் கட்டுப்பாடு உண்டு. மேப் காட்டும் நேரத்தை நம்பி மாலை 6 மணிக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

6. மழையும் வெயிலும்

இரண்டும் திரைக்கு எதிரி. ஈரம் பட்டால் டச் வேலை செய்யாது, அல்லது தானே எதையாவது தொட்டு ரூட்டை அணைத்துவிடும். சார்ஜ் போடும் துளையில் ஈரம் தெரிந்தால் பல போன்கள் சார்ஜ் ஏற்றவே மறுக்கும். ஜிப் வைத்த உறை மழைக்கு மட்டும் போதும், வெயிலில் அதே உறை போனை வேகவைத்துவிடும். மே மாதச் சாயங்கால இடிமழையில் போனைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு குரலை மட்டும் கேட்டு ஓட்டுவதே சரி. சுரங்கப் பாதையில் தண்ணீர் நிற்கிறதா என்பதை மேப் சொல்லாது, முன்னால் போகும் ஆட்டோதான் சொல்லும்.

7. ஊரைத் தாண்டும்போது

ஆனேக்கல், தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போகிறவர்கள் கவனிக்கவும். அஞ்செட்டிக்கு அப்புறம் காடு, போன் சிக்னல் வரும் போகும். கூகுள் மேப்பில் அந்தப் பகுதியை வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஆஃப்லைனில் ட்ராஃபிக் தெரியாது, வழியும் காருக்கான வழிதான் வரும். இதற்கென்றே ஆர்கானிக் மேப்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். இலவசம், விளம்பரம் இல்லை, முழுக்க ஆஃப்லைன். மாநிலம் மாநிலமாக இறக்க வேண்டும். எல்லை தாண்டுகிறோம் என்பதால் கர்நாடகம், தமிழ்நாடு இரண்டையும் இறக்குங்கள். நுணுக்கமான செட்டிங்குகளில் விருப்பம் உள்ளவர்களுக்கு ஓஎஸ்எம் ஆண்ட் இருக்கிறது, அதில் மோட்டார் சைக்கிளுக்கென்றே தனித் தேர்வு உண்டு. இரண்டுமே தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தரவில் ஓடுபவை. காட்டு வழிகளும் கிராமத்துச் சாலைகளும் சில இடங்களில் கூகுளைவிட நன்றாக இருக்கும், கடை கண்ணி தேட உதவாது.

இவ்வளவுக்குப் பிறகும் தனிக் கருவிதான் வேண்டும் என்றால், மழையிலும் கையுறையோடும் மாதக்கணக்கில் நெடும்பயணம் போகிறவர்களுக்கு அது நியாயமான செலவு. புதிது வாங்காமல் பழையதைத் தேடுங்கள். விற்பவரிடம் இந்திய வரைபடம் ஏற்றியிருக்கிறதா, இனியும் இலவசமாகப் புதுப்பிக்க முடியுமா என்று கேளுங்கள். பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்றும் கேட்டுவிட்டு, வெட்டவெளிக்குக் கொண்டுபோய் இடத்தைப் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். கருவியோடு வண்டியில் பொருத்தும் தொட்டிலும் ஒயரும் சேர்ந்து வர வேண்டும். அவற்றைத் தனியாக வாங்கப் போனால் அதன் விலைக்கு இன்னொரு போனே வாங்கிவிடலாம்.